படகில் வந்த கடற்கரை

சிட்னியில் கடற்கரைக்குப் போக நுழைவுச்சீட்டு கிடையாது. மணலில் யாரும் துண்டை விரிக்கலாம், யாரும் அலையில் இறங்கலாம். கோடீஸ்வரர் வீட்டு வாசலுக்கு நேரே ஒரு துப்புரவுத் தொழிலாளி காலை நீட்டிப் படுத்திருந்தால் எழுந்து போகச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கடல் பிறந்த நாளிலிருந்தே இப்படித்தான் என்று அந்த ஊர்க்காரர்களில் பலர் நினைக்கிறார்கள். மேன்லி கடற்கரையின் 230 ஆண்டுக் கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் அந்த எண்ணம் ஆட்டம் காணும். அந்த மணலை மக்களின் மணலாக்கியதில் கடலுக்குப் பெரிய பங்கில்லை. பெரும்பங்கு ஒரு படகுக்கு. அடுத்த பங்கு அந்தப் படகின் கட்டணத்துக்கு. சட்டத்தின் பங்கு அதற்கும் பிறகுதான், அதுவும் வேண்டாவெறுப்பாக.

படகு புறப்படும் இடம் சர்குலர் கீ என்னும் நகர மையத் துறை. மேன்லிப் படகுக்கு மூன்றாம் எண் மேடை. அங்கிருந்து மேன்லிக்கு 11 கிலோமீட்டர், அரை மணி நேரம். 1980களில் கட்டப்பட்ட ‘ஃபிரெஷ்வாட்டர்’ வகைப் பெரிய படகுகள் பச்சையும் பாலேட்டு நிறமுமாக நிற்கும். ஒவ்வொன்றும் 70 மீட்டர் நீளம், 1,100 பேர் கொள்ளும். இவற்றுக்கு முன் எது பின் எது என்று சொல்ல முடியாது. இரண்டு முனையிலும் சுக்கான், இரண்டு முனையிலும் மாலுமி அறை. மேன்லியில் ஆளை இறக்கியதும் படகு திரும்புவதில்லை. மாலுமி எதிர் முனைக்கு நடந்துபோய் அங்கிருந்து ஓட்டத் தொடங்குகிறார். நெரிசலான துறையில் இவ்வளவு பெரிய படகைத் திருப்பிக்கொண்டிருந்தால் நேரம் விரயமாகும் என்பதால், நீராவிக் காலத்திலேயே கண்டுகொண்ட வழி இது. மேடையை நெருங்கும்போது பணியாளர் கையிலிருக்கும் தடித்த வடம் ஒரே வீச்சில் கரைத்தூணில் போய் விழும். படகு உறுமி நிற்கும். இரும்புப் பாலம் ‘டமால்’ என்று இறங்கும். சில நிமிடங்களில் ஆயிரம் பேர் இறங்கி ஆயிரம் பேர் ஏறிவிடுவார்கள். தாம்பரத்தில் மின்தொடர் வண்டி பார்த்தவர்களுக்கே இந்த வேகம் வியப்பளிக்கும்.

புறப்பட்டதும் வலப்பக்கம் ஆப்பரா ஹவுஸ். அது நிற்கும் முனை, பெனலாங் என்ற பூர்வகுடி மனிதரின் பெயரைத் தாங்கிய பெனலாங் முனை. மேன்லிப் படகின் கதை உண்மையில் இந்த மனிதரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1788 சனவரியில் ஆங்கிலேயர் 11 கப்பல்களில் கைதிகளோடு வந்து இறங்கியபோது, துறைமுகத்தைச் சுற்றிப்பார்த்த ஆளுநர் ஆர்தர் பிலிப் வடக்குப் பக்கம் ஒரு சிறு குடாவில் சில மண்ணின் மைந்தர்களைக் கண்டார். அவர்களுடைய அச்சமற்ற ஆண்மை மிடுக்கு அவரைக் கவர்ந்தது. அதையே ‘மேன்லி’ என்று அந்தக் குடாவுக்குப் பெயராக்கினார். மிடுக்கை மெச்சியவர் செய்த அடுத்த காரியம் ஆள்கடத்தல். பேச்சுவார்த்தைக்கும் மொழி கற்பதற்கும் ஆள் வேண்டும் என்று 1788 திசம்பர் கடைசி நாளன்று அதே குடாவில் அரபனூ என்பவரைப் பிடித்துக் கட்டிக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு பரவிய பெரியம்மையில் அவர் இறந்துபோனார். 1789 நவம்பரில் மறுபடியும் அதே குடா, மறுபடியும் அதே தந்திரம். இம்முறை பிடிபட்டவர்கள் பெனலாங், கோல்பி என்ற இருவர். கோல்பி சீக்கிரமே தப்பினார். பெனலாங் 1790 மே மாதம் தப்பினார்.

அந்தச் செப்டம்பர் 7ஆம் தேதி மேன்லிக் குடாவில் ஒரு திமிங்கிலம் கரையொதுங்கிக் கிடந்தது. ஊரே கூடி விருந்து. பெனலாங் ஆளுநருக்கும் ஒரு துண்டு கொழுப்பு கொடுத்தனுப்பினார். செய்தி கேட்டதும் பிலிப் படகில் கிளம்பி வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே வில்லமெரிங் என்ற மனிதர் எறிந்த ஈட்டி ஆளுநரின் தோளில் பாய்ந்து முதுகுப் பக்கம் வெளிவந்தது. ஈட்டியின் நீண்ட தண்டை உடைத்துவிட்டு, முனை உடலிலேயே இருக்க, வீரர்கள் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் துடுப்பு வலித்து அவரைச் சிட்னிக் குடாவுக்குக் கொண்டுசேர்த்தார்கள். பழிவாங்கக் கூடாது என்று பிலிப் உத்தரவிட்டார். ஆள்களைக் கடத்தியதற்கு அவர்களுடைய நீதிப்படி நிறைவேறிய தண்டனை அது என்று இன்று வரலாற்றாய்வாளர் பலர் சொல்கிறார்கள். பிலிப்புக்கும் அது உள்ளூரப் புரிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அந்தக் காலத்து ஆளுநர் ஒருவர் ஈட்டிக் காயத்துக்குப் பிறகு வேறெதற்காக வாளாவிருப்பார்? உடல் தேறி, உறவும் ஒட்டியபின், பெனலாங்குக்குச் சிட்னிக் குடாவின் கிழக்கு முனையில் ஒரு செங்கல் குடிசை கட்டிக்கொடுத்தார்கள். ஆப்பரா ஹவுஸ் இருப்பது அங்கேதான். ஆக, ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நாம் போகும் பாதை, கடத்தப்பட்டவர் வந்த பாதை; ஈட்டி பாய்ந்த ஆளுநர் திரும்பிய பாதை.

பயணத்தின் முதல் பத்து நிமிடத்துக்குள் இடப்பக்கம் பிராட்லிஸ் முனை வரும். கரையோரப் பாறையில் ஒரு கப்பலின் கொடிமரம் மட்டும் தனியே நிற்கும். சென்னைக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டிய மரம் அது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு பொழிந்துவிட்டு மாயமான ஜெர்மன் கப்பல் எம்டனை, அந்த நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவருகே சுட்டு வீழ்த்திய ஆஸ்திரேலியப் போர்க்கப்பலின் கொடிமரம் அது. கப்பலின் பெயரும் சிட்னிதான். 1934 முதல் கொடிமரம் அங்கே நிற்கிறது. நம் ஊரில் பாட்டிமார் ‘எம்டன் வந்த வருஷம்’ என்று வயதுக் கணக்குப் போட்டார்களே, அந்தக் கணக்கின் மறுமுனை சிட்னித் துறைமுகத்தில் ஒரு படகுப் பாதையின் ஓரத்தில் இருக்கிறது. படகில் போகிற நம்மவர்களில் எத்தனை பேர் அதைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. செல்ஃபி எல்லாம் வலப்பக்கத்தில்தான் நடக்கிறது.

மேன்லியை உல்லாசத் தலமாகக் கனவு கண்டவர் ஹென்றி கில்பர்ட் ஸ்மித் என்ற பணக்கார வணிகர். 1853இல் அங்கே நிலம் வாங்கத் தொடங்கினார். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம் மனதில் இருந்தது. ஊருக்கு அந்தப் பெயரையே வைக்கப் பார்த்தார், ஒட்டவில்லை. துறைமுகப் பக்கக் குடாவையும் மறுபக்கத்து மாகடல் கரையையும் பிரிப்பது ஒரு ஒல்லியான நிலத்துண்டு, அரை கிலோமீட்டர் கூட இருக்காது. அதன் குறுக்கே ஒரு தெரு போட்டு, ரோமாபுரித் தெரு ஒன்றின் நினைவாகக் ‘கோர்ஸோ’ என்று பெயரிட்டார். விடுதி கட்டினார். கரையோரம் நார்ஃபோக் தீவுப் பைன் மரங்களை நட்டார். மேட்டில் கல்லால் ஒரு கங்காரு செய்து வைத்தார், இன்றும் இருக்கிறது. சிற்பிக்குக் கங்காரு அவ்வளவு பழக்கமில்லை போலும். இதையெல்லாம் செய்தபின் அவருக்கு ஒன்று விளங்கியது: ஊரிலிருந்து சாலை வழியே யாரும் வரமாட்டார்கள். இடையில் கடற்கழி, காடு, மேடு. ஆகவே படகுத்துறை கட்டினார். 1850களின் நடுவில் நீராவிப் படகுகள் வந்துபோகத் தொடங்கின.

அதே ஆண்டுகளில், 1855இல், சிட்னியின் கல்தச்சர்கள் எட்டு மணி நேர வேலைநாளைப் போராடிப் பெற்றார்கள். ஸ்மித்துக்கும் கல்தச்சர்களுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் ஒருநாள் உல்லாசப் பயணம் என்ற பழக்கம் இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் முளைத்தது. ஓய்வு நேரம் இருந்தால்தானே கூலிக்காரன் கடற்கரைக்குப் போவான்? ஸ்மித் எதிர்பார்த்தது வாரக்கணக்கில் தங்கும் சீமான்களை. வந்து குவிந்தவர்கள் காலையில் கூடையோடு வந்து மாலையில் வெறுங்கூடையோடு திரும்பும் தொழிலாளர் குடும்பங்கள். விடுதி முதலாளிகளுக்கு இதில் வருத்தம் இருந்திருக்கலாம். படகு முதலாளிகளுக்கு இல்லை.

படகுக் கம்பெனியின் கணக்கு எளியது. கப்பலுக்கு எரிக்கும் நிலக்கரி, 100 பேர் ஏறினாலும் 1,000 பேர் ஏறினாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எனவே கட்டணத்தைத் தாழ்த்திக் கூட்டத்தை ஏற்றுவதே லாபம். 1890களில் போட்டிக் கம்பெனி ஒன்று முளைத்தபோது இரு தரப்பும் கட்டணத்தை வெட்டிக் கையைச் சுட்டுக்கொண்டன, ஆதாயம் பயணிகளுக்கு. கடைசியில் நிலைத்தது போர்ட் ஜாக்சன் அண்ட் மேன்லி ஸ்டீம்ஷிப் கம்பெனி. சிட்னியிலிருந்து 7 மைல், கவலையிலிருந்து 1,000 மைல் என்ற அவர்களுடைய விளம்பர வாசகத்தை இன்றும் மேன்லியில் பார்க்கலாம். கூட்டத்தைக் கொண்டுவந்தால் மட்டும் போதுமா, அதற்கு வேலை வைக்க வேண்டாமா? 1931இல் இந்தக் கம்பெனியே மேன்லிக் குடாவில் சுறா வராதபடி வலையடைத்து, மேலே நடைமேடை போட்ட பெரிய நீச்சல்குளத்தைக் கட்டியது. ஒரு போக்குவரத்து நிறுவனம் தன் செலவில் கடலை வேலியிட்டது என்றால், கடற்கரையும் படகும் ஒரே சரக்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றுதானே பொருள். இன்றைய போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கு அது மறந்துவிட்டது.

வந்த கூட்டம் அரை நூற்றாண்டு காலம் கடலில் இறங்கவில்லை என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். வந்தார்கள், மரத்தடியில் சாப்பிட்டார்கள், பேண்டு வாத்தியம் கேட்டார்கள், அலையை வேடிக்கை பார்த்தார்கள், திரும்பினார்கள். பகலில் பொது இடத்தில் குளிப்பது குற்றம். 1833இல் சிட்னிக் குடாவிலும் டார்லிங் துறைமுகத்திலும் காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை குளிக்கத் தடை வந்தது. 1838இல் பொதுமக்கள் பார்வையில் படும் பிற நீர்நிலைகளுக்கும் தடை விரிந்தது. ஆணும் பெண்ணும் வெவ்வேறு நேரத்தில், அடைத்த குளங்களில் குளிக்கலாம். திறந்த கடலில் வெயிலில் குளிப்பது நாகரிகமற்றவர்களின் வேலை என்று விக்டோரியா காலத்துக் கனவான்கள் நினைத்தார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இதே கடலில் நீந்தி மீன்பிடித்து வாழ்ந்தவர்களை அவர்கள் எந்தப் பட்டியலில் வைத்திருந்தார்கள் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

1902 அக்டோபரில் வில்லியம் கோச்சர் என்ற உள்ளூர்ப் பத்திரிகைக்காரர், இன்ன நாள் நண்பகலில் மேன்லிக் கடலில் இறங்கிக் குளிக்கப்போகிறேன் என்று தன் பத்திரிகையில் அறிவித்துவிட்டு இறங்கினார். போலீஸ் கண்டுகொள்ளவில்லை. மனிதர் விடவில்லை, மறுபடி இறங்கினார். கடைசியில் அவரைப் பிடித்தார்கள், ஆனால் வழக்குப் போடத் துணியவில்லை. கோச்சரை ஏதோ தண்டி யாத்திரை நடத்தியவர் போல ஆக்கிவிட்டது பிற்காலத்து ஊர்ப்பெருமை. அவ்வளவுக்கு இல்லை. தடை அதற்கு முன்பே பல கடற்கரைகளில் தளர்ந்துகொண்டிருந்தது; வேறு பலரும் மீறிக்கொண்டிருந்தார்கள். அவரிடம் பத்திரிகை இருந்தது, அவர்களிடம் இல்லை. எப்படியோ 1903 நவம்பரில் மேன்லி நகரசபை, கழுத்திலிருந்து முழங்கால் வரை உடலை மூடும் உடை அணிந்தால் எந்நேரமும் குளிக்கலாம் என்று இறங்கிவந்தது. கடலைத் திறந்துவிட்டபிறகுதான் கடலின் குணம் தெரிந்தது. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும் கடலில், நீந்தத் தெரியாத ஆயிரம் பேர். 1907இல் கடற்கரைச் சங்கங்கள் ஒன்றுகூடி அலைக்குளியல் சங்கம் அமைத்தன. சம்பளமில்லாத உயிர்காப்புத் தொண்டர் படை அப்படித்தான் பிறந்தது.

அலையில் உடலைப் பலகைபோல் ஆக்கி மிதந்து வருவதை மேன்லி வெள்ளைக்காரப் பையன்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் வேறொருவர். பசிபிக்கில் இன்று வனுவாட்டு என்னும் நாட்டின் டான்னா தீவிலிருந்து வந்து மேன்லியில் தோட்ட வேலை செய்த இளைஞர். ஊர் அவரை டாமி டான்னா என்றழைத்தது. சொந்தப் பெயரை யாரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ‘எங்கள் தேசியப் பழக்கம்’ என்று ஆஸ்திரேலியர் மார்தட்டும் அலையாட்டத்தின் முதல் ஆசிரியர்களில் அவர் ஒருவர். கோச்சர் கடலில் இறங்குவதற்கு முந்தைய ஆண்டுதான், 1901இல், புதிதாகப் பிறந்த ஆஸ்திரேலியக் கூட்டாட்சி பசிபிக் தீவுத் தொழிலாளர்களை நாடுகடத்தும் சட்டத்தை இயற்றியது. கரும்புத் தோட்டங்களுக்குப் பிடித்துவரப்பட்ட ஆயிரக்கணக்கானோர் அடுத்த சில ஆண்டுகளில் கப்பலேற்றப்பட்டார்கள். ஆசியர்கள் உள்ளே வராமலிருக்க வேறொரு சட்டமும் அதே ஆண்டில் வந்தது. 1914 திசம்பர் 24 அன்று மேன்லியை அடுத்த ஃபிரெஷ்வாட்டர் கரையில் ஹவாய்த் தீவின் ஒலிம்பிக் நீச்சல் வீரர் டியூக் கஹானமோகு, மரப்பலகையில் நின்றபடி அலைமேல் வந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் செதுக்கிய பலகையை இன்றும் அங்குள்ள சங்கத்தில் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். பழுப்பு நிறத்தவர் விருந்தாளியாக வந்தால் மாலை, பிழைக்க வந்தால் கப்பலேற்றம்.

படகு புறப்படும் துறைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. சர்குலர் கீயில் அரசாங்கப் படகுக் கொட்டகை ஒன்றில் பூர்வகுடிகள் சிலர் தங்கியிருந்தார்கள். நகரத்தின் நட்ட நடுவில் அவர்கள் இருப்பது கண்ணுக்கு உறுத்தியது. 1881இல் கொட்டகையைக் காலி செய்து அவர்களைத் தெற்கே லா பெரூஸ் பக்கம் அனுப்பினார்கள். சர்குலர் கீயிலிருந்து நகரத் தொழிலாளர்கள் கூடை கூடையாக மேன்லிக்கு ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. மண்ணின் மைந்தர்கள் கடலில் இறங்கக் கூடாதென்று சட்டம் ஏதும் இல்லை. கடலுக்கு வரும் வழியில் அவர்களுக்கு இடமில்லாமல் செய்தாலே போதுமானதாக இருந்தது. உள்நாட்டு ஊர்களில் பூசிமெழுகல் கூடக் கிடையாது. மோரி என்ற ஊரில் நகரசபைக் குளத்தில் பூர்வகுடிக் குழந்தைகள் குளிக்க 1965 வரை தடை இருந்தது. அந்தப் பிப்ரவரியில் சார்லஸ் பெர்க்கின்ஸ் என்ற பூர்வகுடி மாணவர் தலைமையில் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்கள் பேருந்தில் போய்க் குளத்து வாசலில் நின்று போராடினார்கள். அழுகிய தக்காளியும் முட்டையும் பறந்து வந்தன. பிறகுதான் வாசல் திறந்தது.

1932 மார்ச் 19இல் சிட்னித் துறைமுகப் பாலம் திறக்கப்பட்டதும் வடகரைப் படகுகள் பெரும்பாலும் படுத்துவிட்டன. மேன்லிப் படகு மட்டும் தாக்குப்பிடித்தது. காரணம் நில அமைப்பு. மேன்லிக்கும் பாலத்துக்கும் நடுவே மிடில் ஹார்பர் என்னும் இன்னொரு கடற்கழி. சாலை சுற்றிச் சுற்றிப் போகிறது. 1938இல்கூட நம்பிக்கையோடு ஸ்காட்லாந்திலிருந்து ‘சவுத் ஸ்டைன்’ என்ற பெரிய நீராவிப் படகைத் தருவித்தார்கள். துறைமுகத்துக்குள் ஓடப் பிறந்த படகு, தன் சொந்த இயந்திரத்திலேயே பாதி உலகத்தைக் கடந்து வந்து சேர்ந்தது. 1942 மே 31 இரவு ஜப்பானியரின் குட்டி நீர்மூழ்கிகள் சிட்னித் துறைமுகத்துக்குள் நுழைந்து, கடற்படைத் தங்குமிடமாக மாற்றப்பட்டிருந்த ‘குட்டபுல்’ என்ற பழைய பயணிகள் படகை மூழ்கடித்து 21 மாலுமிகளைக் கொன்றன. அன்றிரவும் படகுகளை நிறுத்த வேண்டாம் என்றே கடற்படைத் தளபதி சொன்னார்; படகுகள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தால் நீர்மூழ்கிகள் தலைதூக்கத் தயங்கும் என்பது அவர் கணக்கு. பயணிகளிடம் யாரும் கலந்தாலோசிக்கவில்லை.

போரால் நிற்காத படகைக் கார் நிறுத்தப் பார்த்தது. 1950கள், 60களில் வீட்டுக்கு வீடு கார் வந்தது. கம்பெனி நொடித்துக் கைமாறியது. 1974 ஒரு சனி பிடித்த ஆண்டு: மே மாதப் புயல், கம்பெனி கட்டிய குடாக் குளத்தை அடித்துக்கொண்டு போனது, ஆகஸ்டில் ‘சவுத் ஸ்டைன்’ தீப்பிடித்தது, ஆண்டு முடிவதற்குள் படகுச் சேவையை மாநில அரசே எடுத்துக்கொண்டது. அன்று அரசு கைவிட்டிருந்தால் மேன்லி இன்று கார் வைத்திருப்பவர்களின் கடற்கரையாக மட்டும் இருந்திருக்கும்.

ஸ்மித் நட்ட பைன் மரங்களின் கதி இதைவிடப் படிப்பினை நிறைந்தது. 1960களில் கரையோரப் பைன்கள் காய்ந்து சாகத் தொடங்கின. பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. நகரத்தின் கழிவுநீர் மேன்லிக்குப் பக்கத்தில் நார்த் ஹெட் பாறையடியில் கடலில் கொட்டியது. அந்தக் கழிவில் புதுக்காலத்துச் சலவைத்தூளின் ரசாயனம். அலைத் திவலையோடு காற்றில் ஏறி இலையில் படிந்து, இலையின் மெழுகைக் கரைத்து, உப்பை உள்ளே விட்டது. கவலையிலிருந்து 1,000 மைல் என்று விளம்பரம் பண்ணிய கடற்கரையில் நகரத்தின் குளியலறை அலையோடு திரும்பி வந்துகொண்டிருந்தது. கழிவை ஆழ்கடல் வரை கொண்டுபோய் விடும் நீண்ட சுரங்கக் குழாய் 1990இல்தான் அங்கே வந்தது. கடற்கரைக்குக் கட்டணம் இல்லை என்பார்கள். கடற்கரையைக் கடற்கரையாக வைத்திருக்க ஆகும் செலவு பூமிக்கடியில் போகிறது, கண்ணில் படுவதில்லை.

அந்த நார்த் ஹெட்டுக்கும் எதிரே சவுத் ஹெட்டுக்கும் நடுவே துறைமுகத்தின் வாய். பயணத்தின் சுவையான ஐந்து நிமிடம் இங்கேதான். இதுவரை குளம்போல் கிடந்த நீர், திடீரென்று பசிபிக்கின் பெருமூச்சு உள்ளே வர, தூக்கித் தூக்கிப் போடும். முன்தளத்தில் நிற்பவர்கள் நனைவார்கள். அதற்காகவே அங்கே நிற்பவர்களும் உண்டு. கடல் மிகக் கொந்தளிக்கும் நாள்களில் படகே ஓடாது. வாயைக் கடந்ததும் வலப்பக்கம் மரங்களுக்கிடையே பழைய தனிமைப்படுத்தும் நிலையத்தின் கட்டடங்கள் தெரியும். 1830களிலிருந்து 1984 வரை, நோய் இருக்கிறதென்று ஐயம் ஏற்பட்ட கப்பல்களின் பயணிகளை அங்கே இறக்கி அடைத்துவைத்தார்கள். பலர் அங்கேயே புதைந்தார்கள். உல்லாசப் படகில் போகிறவர்கள் அந்தத் துறையை நூறாண்டுக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். நாட்டுக்குள் வந்தவரும் வரக் காத்திருந்தவரும் இவ்வளவு அருகில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட இடம் உலகில் அதிகம் இருக்காது.

இப்போது அந்தப் படகில் நம்மவர்களும் போகிறார்கள். ஆசியரைத் தடுத்த வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையின் கடைசி மிச்சங்களை 1973இல் விட்லம் அரசு அகற்றியபிறகு, குறிப்பாக 1983 கறுப்பு யூலைக்குப் பின், ஈழத்தமிழர்கள் வந்தார்கள். பின்னர் தமிழ்நாட்டுக் கணினிப் பணியாளர்கள். பெரும்பாலோர் குடியேறியது மேற்குச் சிட்னியில்: வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில். அங்கிருந்து கடல் வெகுதூரம். ரயிலேறி, மாறி, சர்குலர் கீ சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் ஓப்பல் என்னும் பயண அட்டை வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் நாள் முழுக்க ரயில், பேருந்து, படகு எதில் சுற்றினாலும் 2.50 டாலருக்கு மேல் கழியாது. மேல்தளத்தில் புளியோதரை டப்பாவும் இடியப்பச் சம்பலும் திறக்கும் வாசனை அந்த ஆண்டுகளில் பெருகியதற்கு அந்தக் கட்டணமே காரணம். ‘பெரியம்மா, தலையில சால்வையப் போடுங்கோ, காத்து அடிக்குது’ என்று யாழ்ப்பாணத் தமிழும், ‘டேய், கம்பிய விட்டுக் கீழ இறங்குடா’ என்று மதுரைத் தமிழும் ஒரே பெஞ்சில் கேட்கும். 2020இல் ஞாயிறு உச்சவரம்பு 8 டாலரைத் தாண்டியது, பிறகும் ஏறியிருக்கிறது. ஐந்து பேர் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் சும்மா இல்லை. கூட்டம் அதிகமாகிவிட்டது என்பதும் உயர்வுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கூட்டம் வரத்தானே படகு?

மேற்கிலிருந்து வருபவர்கள் மீது கடலோரத்தார் சிலருக்கு இருக்கும் கசப்பைச் சொல்லாமல் விடவும் முடியாது. 2005 திசம்பர் 11இல் தெற்கே குரோனுல்லா கடற்கரையில் சுமார் 5,000 பேர் திரண்டு, மத்தியக் கிழக்கு முகச்சாயல் உள்ளவர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். குரோனுல்லாவுக்கு ரயில் உண்டு. ‘ரயிலில் வந்து எங்கள் கரையைக் கெடுக்கிறார்கள்’ என்ற பேச்சு அதற்கு முன் பல ஆண்டுகளாகவே ஓடிக்கொண்டிருந்தது. மேன்லி அந்த அளவுக்கு வெடித்ததில்லை. படகு ஊரில் இறங்குகிறவர்களை அரை மணி நேரம் ஒன்றாக உட்காரவைத்துக் கொண்டுவருகிறது என்பதால் என்று சொன்னால் கவித்துவமாக இருக்கும். உண்மைக் காரணம், ஒன்றரை நூற்றாண்டாக அந்த ஊரின் பிழைப்பே அந்நியர் வருகையில்தான் இருக்கிறது. வருகிறவரை வெறுக்க அந்தக் கடைத்தெருவுக்குக் கட்டுப்படியாகாது. இது போதும். நல்லெண்ணத்தைவிட நீடித்து உழைக்கும் காரணம் இது.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. கோர்ஸோவைத் தாண்டியதும் தெரியும் அலை, மெரினாவில் கால் நனைத்துப் பழகியவர்களுக்கு விளையாட்டாகத் தோன்றும். அங்கே கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம், அலை அடங்கிய அமைதியான பட்டையாகவே தெரியும். தெரியாதவர்கள் இறங்குவதும் அங்கேதான். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள். பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் சேருங்கள். பெரியவர்களும் சேரலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரசுக்கும் சொல்ல ஒன்று உண்டு. 2020 இறுதியில் அன்றைய மாநில அரசு ஃபிரெஷ்வாட்டர் படகுகளை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, 400 பேர் கொள்ளும் சிறிய படகுகளை விடப்போவதாக அறிவித்தது. பழைய படகுகளுக்குச் செலவு அதிகம், ஆள் அதிகம் வேண்டும், சிறியவை அடிக்கடி ஓடும் என்றது. ஊர் கொதித்தது. முதலில் விடுமுறை நாள்களுக்கென்று சில தப்பின. 2023இல் ஆட்சி மாறியபின் செப்பனிட்டு ஓட்ட முடிவானது. 40 வயதை எட்டிய இரும்புக்கு என்றேனும் ஓய்வு கொடுத்துத்தான் ஆக வேண்டும். பழம்படகு மோகத்தில் அதை மறுக்கிறவன் இல்லை நான். புதியது மின்சாரத்தில் ஓடட்டும், எந்த நாட்டிலும் கட்டட்டும். ஆனால் 1,100 பேர் ஏறும் படகாக இருக்கட்டும். வாயைக் கடக்கும்போது வெளியே நின்று நனைய ஒரு தளம் இருக்கட்டும். டூங்காபியிலிருந்து வரும் ஐந்து பேர் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை யோசிக்காமல் ஏறும் கட்டணம் திரும்பி வரட்டும். மேன்லியின் கடற்கரைச் செலவுக் கணக்கில் மணல் கொட்டவும் புல் வெட்டவும் பணம் ஒதுக்குவதைப் போல, படகுக்கும் அதே தலைப்பில் ஒதுக்க வேண்டும்.